மேடே இல்லாத 140 கிலோமீட்டர்: கொசஸ்தலை ஆற்றுச் சுற்றில் மூன்று சைக்கிள்கள் குட்டி யானை ஏறியது ஏன்?

பாடி மேம்பாலத்தடியில் கிளம்பி ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், பூண்டி, குடியம், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், செங்குன்றம் என்று சுற்றிக்கொண்டு மறுபடி பாடிக்கே வந்து சேரும் ஒரு லூப் உண்டு. ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் அதை ஓட்டக் கிளம்பினோம், சைக்கிளில் திரும்பியது ஐந்து பேர்தான். மற்ற மூன்று பேரும் அவர்களுடைய சைக்கிள்களும் சீத்தஞ்சேரியில் ஒரு குட்டி யானையில் ஏறி, திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி, மின்சார ரயிலில் ஊர் வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை, எந்த வண்டியும் மோதவில்லை, வழியும் தவறவில்லை. எட்டுப் பேரில் ஆறு பேர் ப்ரெவே என்கிற நேரக் கெடு வைத்த நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் முடித்தவர்கள். அப்படியிருந்தும் ஏன் இப்படி ஆயிற்று என்பதைத்தான் இங்கே துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சுற்றில் கஷ்டம் தூரத்தில் இல்லை, மேட்டிலும் இல்லை. எந்தத் துண்டில் எத்தனை மணிக்கு இருக்கிறோம் என்பதில் இருக்கிறது. அதே 140 கிலோமீட்டரைத் திசை மாற்றி ஓட்டிப் பார்த்தபோது அது வேறு லூப்பாகவே ஆகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வழி எப்படிப்பட்டது

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ஏலகிரி என்று சொன்னால் ஒரு மரியாதை வரும், திருவள்ளூர் பக்கம் என்றால் 'ஃபிளாட்தானே' என்பார்கள். ஃபிளாட்தான், மறுக்க முடியாது. பூண்டி ஏரி முழுக்க நிரம்பினால் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 140 அடி, செங்குன்றம் (புழல்) ஏரிக்கு 50.20 அடி. இந்தத் தொண்ணூறு அடி வித்தியாசத்தை நம்பித்தான் பூண்டித் தண்ணீர் இணைப்புக் கால்வாய் வழியே தானாக வழிந்து புழல் பக்கம் வருகிறது. தண்ணீருக்குத் தெரியும் அந்தச் சரிவு நம் காலுக்குத் தெரியாது. சைக்கிளில் மாட்டும் கார்மின் ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றக் கணக்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் ரயில்வே மேம்பாலங்களாகத்தான் இருக்கும்.

ஆனால் பள்ளத்தாக்கு என்ற சொல்லுக்கு இந்த ஊர் தகுதியானதுதான். தெற்கே கொசஸ்தலை ஆறு, வடக்கே ஆரணி ஆறு, இரண்டுக்கும் நடுவில் மேற்கே அல்லிக்குழி மலைகள். கொசஸ்தலை எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. ஆரணி ஆறு ஆந்திரப் பக்கமிருந்து சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று வந்து பழவேற்காட்டை நோக்கிப் போகிறது. நம் லூப் இரண்டு ஆறுகளையும் தொட்டுவிட்டு வருகிறது. வருஷத்தில் பெரும்பகுதி இரண்டிலும் மணலும் நாணலும்தான், மழைக்காலத்தில் பூண்டி மதகைத் திறந்தால் மட்டும் கீழே இருக்கும் தரைப்பாலங்கள் மூழ்கி, ஊருக்கு ஊர் சாலை அறுந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வழிக்குக் கிளம்புகிறவர்கள் வரைபடத்தைவிட ஏரித் தண்ணீர்ச் செய்தியைப் பார்ப்பது நல்லது.

பூண்டி அணையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னைக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று, எஸ். சத்தியமூர்த்தி மேயராக இருந்த காலத்தில் 1940-ல் அடிக்கல் நாட்டினார்கள், 1944-ல் வேலை முடிந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார், அதனால்தான் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996-லிருந்து கிருஷ்ணா தண்ணீரும் இங்கேதான் வருகிறது: கண்டலேறு கால்வாய் ஊத்துக்கோட்டை அருகே தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டியில் விழுகிறது.

இதெல்லாம் நேற்றைய கதை. இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான வயசு அத்திரம்பாக்கத்தில் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார், அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்கியது என்று சொல்லலாம். 1999-லிருந்து சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழாய்வு செய்து, 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி அங்குள்ள அச்சூலியக் (கைக்கோடரி வகைக்) கருவிகளுக்குக் குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள், சராசரியாகப் பார்த்தால் 15 லட்சம் ஆண்டுகள். 2018-ல் அதே இடத்து இடைப் பழங்கற்காலக் கருவிகளுக்குச் சுமார் 3,85,000 ஆண்டுகள் என்று வந்தது. போய்ப் பார்த்தால் முள்காடும் சிவப்பு மண்ணும் ஓடையும்தான். பார்க்க ஒன்றுமில்லையே என்று முகம் சுளிப்பவர்கள் பூண்டியில் இருக்கும் அகழ்வைப்பகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். போகிறவர்கள் தயவுசெய்து கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம், கிடக்கிற இடத்தில் கிடந்தால்தான் அந்தக் கல்லுக்கு அர்த்தம்.

அன்று என்ன நடந்தது

காலை ஐந்தே காலுக்குப் பாடியில் கிளம்பினோம். சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோடு அந்த நேரத்தில் காலி, காற்றும் இல்லை. அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. திருநின்றவூரில் டீ. மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்த பூசலாரின் ஊர் அது. செல்போன் திரையில் கோடு போட்டுவிட்டால் ரைட் முடிந்தது என்று நினைக்கிற நமக்குப் பொருத்தமான இடம்தான், ஆனால் பூசலாருக்கு ஈசன் வந்தார், நமக்கு வெயில்தான் வந்தது.

ஏழு மணிக்குத் திருவள்ளூர். அங்கேதான் முதல் நேர விரயம். அன்று அமாவாசை. வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசைக்கு எத்தனை கூட்டம் வரும் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்: முந்தின ராத்திரியே வந்து தங்கி, விடிந்ததும் குளத்தில் வெல்லத்தைக் கரைத்து, தர்ப்பணம் முடித்து, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் டிபனுக்கு வருவார்கள். இருக்கிற எல்லா ஓட்டலிலும் நின்றுகொண்டிருந்தார்கள். இட்லி, பொங்கல் முடித்து வெளியே வரும்போது எட்டு. கால் மணி நேரம் என்று போட்டிருந்த இடத்தில் ஒரு மணி நேரம் போய்விட்டது. ஆனால் யாருக்கும் கவலை இல்லை, ஏனென்றால் அதுவரை சராசரி வேகம் நன்றாக இருந்தது. சராசரி வேகம் மாதிரி ஆளை ஏமாற்றுகிற எண் இன்னொன்று கிடையாது. உட்கார்ந்திருக்கும் நேரத்தை அது கணக்கிலேயே எடுப்பதில்லை, வெயில் எடுத்துக்கொள்கிறது.

பூண்டியில் கரை மேல் ஏறிப் படம் எடுத்ததில் கொஞ்சம் போனது. அப்புறம் கரையோரத்து மண் பாதையில் போகலாம் என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் இறங்கினோம். ஏரிக்கரை என்றால் சீமைக்கருவேலம், சீமைக்கருவேலம் என்றால் முள். வெட்டிப் போட்ட கிளைகள் பாதை முழுக்கக் காய்ந்து கிடந்தன. அரைக் கிலோமீட்டருக்குள் மூன்று பஞ்சர்.

இந்தப் பஞ்சரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்றில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. கருவேல முள் டயரைக் குத்தியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சாலையில் உரசி ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். டியூபை மாற்றிக் காற்றடித்தால் முதலில் நன்றாகத்தான் நிற்கும், ஆள் ஏறி உட்கார்ந்து இருநூறு மீட்டர் போனதும் அந்த நுனி உள்ளே எட்டிப் புது டியூபையும் அதே இடத்தில் குத்தும். டயரின் உட்பக்கம் விரலை ஓட்டித் தேடினால் அகப்படாது, விரல்தான் கிழியும். பருத்திக் கைக்குட்டையை உள்ளே வைத்து முழு வட்டமும் ஒருமுறை இழுத்தால் எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கேதான் முள். சின்ன இடுக்கி இருந்தால் உள்ளிருந்து பிடித்து இழுத்துவிடலாம். அன்று இடுக்கி யாரிடமும் இல்லை. கடைசியில் ஒருத்தர் சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியால் அதை எடுத்தார், எடுத்த முள் அரிசியில் பாதிகூட இல்லை. இதற்குள் மணி பத்தேகால் தாண்டிவிட்டது. 25 மில்லிமீட்டர் டயர் போட்டவர்கள்தான் மாட்டினார்கள் என்று சொல்லத் தோன்றும், அது நியாயம் இல்லை. 38 போட்டிருந்த ஹைப்ரிட்டும் மூன்றில் ஒன்று.

குடியம் கிராமத்துக்குப் பதினொன்றுக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து குடியம் குகைக்குப் போகிற வழி ஓட்டுகிற வழி இல்லை. செம்மண்ணும் உருண்டைக் கல்லும் கலந்த காட்டுப்பாதை, சில இடம் ஓட்டலாம், பல இடம் தள்ளிக்கொண்டு போக வேண்டும், ரோட் பைக் ஷூவின் அடியில் பெடலோடு பூட்டும் கிளீட் மாட்டியவர்கள் பரதநாட்டியம்தான் ஆட வேண்டும். சைக்கிள்களைக் கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் பூட்டிவிட்டு நடந்தோம். அந்த வீட்டம்மா, 'ஏம்ப்பா, இந்த வெயில்ல எங்கப்பா கெளம்பிட்டீங்க, காலையில வரவேண்டியதுதான?' என்று கேட்டார். அன்று எங்களுக்குக் கிடைத்த சரியான ஆலோசனை அது ஒன்றுதான், கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது.

குகை என்று சொன்னாலும் அது பெரிய பாறை ஒதுக்கிடம். கூரை முழுக்க உள்ளங்கை அளவுக் கூழாங்கற்கள் பாறைக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. காலங்காலமாக அவை கழன்று விழுந்து ஓடைகளில் உருண்டு போனவைதான் கீழே அத்திரம்பாக்கத்து ஆட்களுக்குக் கருவி செய்யக் கிடைத்த கல். 1960-களில் இங்கேயும் தொல்லியல் துறை அகழ்ந்து பார்த்திருக்கிறது. உள்ளே ஒரு அம்மன் கோயில் இருக்கிறது, மஞ்சள் குங்குமத்தோடு இன்றும் வழிபாடு நடக்கிறது. குளுமையான இடம், யாருக்கும் எழுந்து வர மனசில்லை. திரும்பிக் கிராமத்துக்கு வரும்போது மணி ஒன்று.

அந்த நடையில்தான் எங்கள் கூட்டத்திலேயே வலுவான பையன் விழுந்தான். காலையில் திருவள்ளூர் வரை முன்னால் நின்று எல்லோருக்கும் காற்றை உடைத்துக்கொண்டு வந்தவன் அவன்தான். தண்ணீர் குடிக்காமல் இல்லை, நிறையவே குடித்தான். வெறும் தண்ணீர். கறுப்பு ஜெர்சியில் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. முதலில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, அப்புறம் தலைவலி, குமட்டல், பேச்சைக் குறைத்துக்கொண்டான். எங்களோடு வந்தவர்களில் ஒருத்தர் நர்ஸ். புளியமரத்தடியில் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பையின் மேல் வைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துண்டு போட்டு, விசிறச் சொன்னார். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கலந்து வாய் வாயாகக் கொடுத்துக்கொண்டே, 'தண்ணி மட்டும் குடிச்சா போதும்னு யாருடா உனக்குச் சொன்னது?' என்று திட்டவும் திட்டினார். அரை மணியில் தெளிந்துவிட்டான்.

தெளியாமல், பேச்சு குளறி, உடம்பு நெருப்பாகக் கொதித்து, இருக்கும் இடமே தெரியாமல் உளறினால் அது வேறு விஷயம். அது வெப்பத் தாக்கு, உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். அன்று அந்த அளவுக்குப் போகவில்லை.

சீத்தஞ்சேரியில் கூடி நின்று பேசியபோது அவனை ஓட்ட விடக்கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவனோடு நர்ஸும், இரண்டு தடவை பஞ்சராகி மாற்று டியூப் எல்லாம் தீர்ந்துபோன இன்னொருத்தரும். டீக்கடையில் விசாரித்ததில் குட்டி யானை வைத்திருந்த ஒருவர் திருவள்ளூருக்குக் காலியாகத்தான் போகிறார் என்று தெரிந்தது. 'அண்ணே, மூணு சைக்கிளு, மூணு ஆளு' என்றதும் சாக்கை விரித்துச் சைக்கிள்களைப் படுக்க வைத்து, கியர் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லாமலே சரியாக வைத்தார்.

மிச்சம் ஐந்து பேருக்கு இனிமேல்தான் கச்சேரி.

காற்றின் கணக்கு

இந்தப் பருவத்தில் சென்னையில் விடியற்காலை காற்று ஏறக்குறைய இருக்காது, இருந்தாலும் நிலத்திலிருந்து கடல் பக்கம் மெல்ல வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும் பதினொன்று, பன்னிரண்டு மணிவாக்கில் கடற்காற்று கரையேறும். மெரினாவில் இருப்பவருக்கு அது வரம். ஆனால் அது ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் வந்துவிடாது, உள்நாட்டுக்கு நகர்ந்து போக நேரம் எடுக்கும். சீத்தஞ்சேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம் வந்து சேர மதியம் நன்றாகத் திரும்பிவிடும். அதுவரை அங்கே இலை அசையாது, அதுதான் குடியத்தில் எங்களை வாட்டிய புழுக்கம். வந்து சேர்ந்தபின் தென்கிழக்கிலிருந்து விடாமல் வீசும்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம், அங்கிருந்து ஜனப்பன்சத்திரம், செங்குன்றம்: மொத்தத்தில் தென்கிழக்கு. கத்தி மாதிரி நேரே காற்றுக்குள்தான் ஓட்ட வேண்டும். இரண்டு பக்கமும் வயல், செங்கல் சூளை, திறந்த வெளி. மறைவுக்கு ஒன்றும் கிடையாது.

எவ்வளவு கூடுதல் வேலை என்று பார்க்கலாம். காற்றே இல்லாதபோது 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்பில் மோதும் காற்றின் வேகமும் 25. எதிர்க்காற்று 15 என்றால், 20-க்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டாலும் மோதுவது 35. காற்று கொடுக்கும் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால் அது முன்பு இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. மெதுவாகப் போகிறோம், ஆனாலும் அதிகம் உழைக்கிறோம். மலையேற்றத்திலாவது உச்சி என்று ஒன்று வரும், அப்புறம் இறக்கம் உண்டு. எதிர்க்காற்றுக்கு உச்சியே இல்லை.

இதற்கு ஒரே மருந்து ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓட்டி, முன்னால் இருப்பவர் மாறிக்கொண்டே இருப்பது. பின்னால் இருப்பவருக்கு நாலில் ஒரு பங்குக்கு மேலேயே உழைப்பு மிச்சமாகும். ஆனால் எட்டுப் பேர் ஐந்தாகிவிட்டோம், அதிலும் வலுவான ஆள் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறான். போதாததற்குப் பெரியபாளையம் தாண்டிச் சவுடு மண் லாரிகள். லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது வரிசை கலைந்து, புழுதியில் கண்ணை மூடி, மறுபடி சேர்ந்து ஓட்ட ஆரம்பிப்பதற்குள் அடுத்த லாரி. பவானியம்மன் கோயில் வாசலில் நீர்மோர் இரண்டு டம்ளர், உப்பும் பெருங்காயமும் தூக்கலாக. காலையிலேயே அந்தப் பையனுக்கு இதைக் கொடுத்திருந்தால் போதும் என்று தோன்றியது. ஜனப்பன்சத்திரத்தில் நெடுஞ்சாலை ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது, செங்குன்றத்துக் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் விளக்கைப் போட்டுக்கொண்டு பாடிக்கு வந்தபோது மணி ஏழரை.

எது காரணம், எது காரணமில்லை

ரைட் முடிந்த ராத்திரியே ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். முள்தான் காரணம் என்றார் ஒருத்தர், குகைக்குப் போயிருக்கவே கூடாது என்றார் இன்னொருத்தர், அமாவாசையைப் பார்க்காமல் நாள் குறித்ததுதான் தப்பு என்பது மூன்றாவது கட்சி. மூன்றும் நேரத்தைத் தின்றன, உண்மைதான். ஆனால் மூன்றும் சேர்ந்து திட்டத்துக்கு மேல் தின்றது இரண்டரை மணி நேரத்துக்குள்தான். அந்த இரண்டரை மணி நேரமும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், குடியத்திலிருந்து பத்தரைக்குக் கிளம்பி, ஊத்துக்கோட்டையில் பதினொன்றரைக்கு ஏதோ தின்றுவிட்டு, பெரியபாளையம் தாண்டும்போது பன்னிரண்டரை, ஒன்று. கடற்காற்று முழுசாக எழுந்து வந்துகொண்டிருக்கும் நேரம். அதாவது எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் கடைசி நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் காற்றோடு மல்லுக்கட்டித்தான் வந்திருப்போம். கோளாறு வழியைச் சுற்றிய திசையிலேயே இருந்தது: நிழலும் மறைவும் உள்ள ஊர்ப்பகுதியைக் காற்றில்லாத காலையில் செலவழித்துவிட்டு, திறந்த வெளியை மதியத்துக்கு மிச்சம் வைத்திருந்தோம்.

உடம்புக் கோளாறு தனிக் கணக்கு. வெயிலில் வியர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். இட்லிக்குச் சட்னி போதும் என்று சாம்பாரைத் தள்ளியவனும், எனர்ஜி ஜெல் மட்டும் உறிஞ்சுகிறவனும் இதில்தான் மாட்டுகிறார்கள். கடலை மிட்டாய், வாழைப்பழம், நீர்மோர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு: மொத்தச் செலவு ஒரு ஜெல்லுக்கு ஆகாது.

திருப்பி ஓட்டியது

பங்குனியில், அமாவாசையும் பௌர்ணமியும் இல்லாத ஒரு ஞாயிறாகப் பார்த்து, அதே ஆட்கள் தலைகீழாக ஓட்டினோம். நாலரைக்குப் பாடி. செங்குன்றத்திலிருந்து நெடுஞ்சாலையைத் தொடாமல் தாமரைப்பாக்கம் கூட்டுச்சாலை, அணைக்கட்டுப் பக்கம் கொசஸ்தலையைக் கடந்து வெங்கல், அங்கிருந்து பெரியபாளையம். இருட்டில் லாரி பயம் குறைந்தது, சவுடு லாரிகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தன. முன்பு மூச்சுத் திணறிய அந்த ஊத்துக்கோட்டைச் சாலையில் காற்றே இல்லை, வயலில் நீர் பாய்கிற சத்தம் கேட்டது, ஆரணி ஆற்று மணலில் மயில்கள். ஏழு மணிக்கு ஊத்துக்கோட்டையில் டிபன், எட்டரைக்குக் குடியம். குகைக்குப் போகிற பாதையில் அப்போது நிழல் இருந்தது. அந்த வீட்டம்மா எங்களை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

பூண்டிக்குப் பத்தே முக்காலுக்கு வந்தோம், கரையோரப் பாதைப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை, தார் ரோட்டிலேயே வந்தோம். பஞ்சர் ஒன்று, அதுவும் கண்ணாடிச் சில்லு. திருவள்ளூரில் பன்னிரண்டு. இனிமேல் கிழக்கு நோக்கித்தான் போக வேண்டும், கடற்காற்றும் வந்துவிட்டது. ஆனால் திருநின்றவூர் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் கட்டடம், மதில், மரம் என்று காற்று உடைந்து உடைந்துதான் வருகிறது. அது மட்டுமில்லை, திருவள்ளூரிலிருந்து ஆவடி, அம்பத்தூர் வரை ரயில் பாதை ஏறக்குறையக் கூடவே வருகிறது. யாருக்கு முடியவில்லையோ அவர் அடுத்த ஸ்டேஷனில் ஏறிக்கொள்ளலாம், ஞாயிறு மதியம் மின்சார ரயிலில் கூட்டம் குறைவு, வியாபாரிகள் கூடை ஏற்றும் பெட்டியில் சைக்கிளுக்கு இடம் கிடைக்கும், சாமான் டிக்கெட்டை மறக்கக் கூடாது. முதல் தடவை கஷ்டம் வந்த இடத்தில் பக்கத்தில் ரயிலும் இல்லை, நிழலும் இல்லை, குட்டி யானை கிடைத்தது அதிர்ஷ்டம்.

எட்டுப் பேரும் பாடிக்கு மூன்று மணிக்குள் வந்துவிட்டார்கள். அந்தப் பையன் ஓ.ஆர்.எஸ். பாட்டிலோடு கடைசி வரை முன்னாலேயே ஓட்டினான்.

குறை இல்லாமல் இல்லை. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே மதியம் இரண்டு மணிக்கு ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் சைக்கிள் ஓட்டுவது ஒரு தண்டனை. மாநகரப் பேருந்து நிறுத்தம் ஒவ்வொன்றிலும் உயிர் போய் வருகிறது. அதனால் குழுவில் இப்போது இரண்டு கட்சி. திருவள்ளூரிலேயே ரயில் ஏறிவிடலாம், மிச்சமாகும் நேரத்தில் மேற்கே திருவாலங்காடு வரை போய் நடராஜரின் இரத்தினசபையைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது ஒன்று. ரயில் ஏறினால் அப்புறம் அது லூப்பே இல்லை என்பது மற்றொன்று. நான் ரயில் கட்சி. அடுத்த ரைட்டுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை, சித்திரை பிறந்துவிட்டால் கத்திரி வெயில் முடிந்து ஆடிக் காற்றும் அடங்கும்வரை யாரும் அந்தப் பக்கம் போவதாக இல்லை. ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் சாலையில் சைக்கிளுக்கு எங்கே இடம்?